வெளுத்துப்போன கியூஆர் ஸ்டிக்கர்: புதிது வாங்க வேண்டுமா?

கேள்வி: பாம்பனில் கருவாட்டுக் கடை வைத்திருக்கிறேன். வாசலில் ஒட்டிய கியூஆர் ஸ்டிக்கர் உப்புக்காற்றிலும் வெயிலிலும் உரிந்து, ஒரு பக்கம் வெளுத்துவிட்டது. ஆனாலும் ஸ்கேன் ஆகிறது. “30 சதவீதம் அழிந்தாலும் வேலை செய்யும் ஸ்பெஷல் ஸ்டிக்கர், 450 ரூபாய்” என்று ஒருவர் விற்க வந்தார். வாங்கலாமா? அழிந்த கியூஆர் பணத்தை வேறு யாருக்காவது அனுப்பிவிடுமா?

பதில்: வாங்காதீர்கள். அவர் ஸ்பெஷல் என்று சொல்வது ஸ்டிக்கரில் இல்லை, அந்தக் கட்டங்களின் கணக்கில் இருக்கிறது. உங்கள் பழைய ஸ்டிக்கர் இன்னும் ஸ்கேன் ஆவதும் அதனால்தான்.

கடலோரத்தில் ஒரே நேர்கோட்டில் கம்பு நடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். கோட்டைக் காட்ட இரண்டு கம்பு போதும். ஆனால் ஒன்று அலையில் நகர்ந்தால் தெரியாது. மூன்று நட்டால், ஏதோ நகர்ந்திருக்கிறது என்று தெரியும்; எது என்று தெரியாது. நான்கு நட்டால், மூன்று ஒரே கோட்டில் நிற்கும், நகர்ந்தது தனியாகத் தெரிந்துவிடும், அதைப் பழைய இடத்திலேயே நட்டுவிடலாம். ஆக, ஒரு தவறைத் திருத்த இரண்டு கம்பு உபரி. 1960-இல் ரீட், சாலமன் என்ற இருவர் வெளியிட்ட முறை இதுதான், நேர்கோட்டுக்குப் பதில் வளைவு. கீறல் விழுந்த சிடி பாடுவதும் இதே கணக்கில்தான்.

1994-இல் ஜப்பானில் வந்த கியூஆரில், எவ்வளவு அழிந்தாலும் மீட்கலாம் என்பதற்கு நான்கு அளவுகள் உண்டு: சுமார் 7, 15, 25, 30 சதவீதம். கியூஆரை உருவாக்கும்போதே அளவு முடிவாகிவிடும், பிறகு மேலே எதைப் பூசினாலும் மாறாது. 30 என்பதும் சும்மா வருவதில்லை. மிகச் சிறிய கியூஆரில் மொத்தம் 26 எழுத்துக்கான இடம். 7 சதவீத அளவில் 19 இடம் உங்கள் தகவலுக்கு. 30-இல் 9 மட்டும், மீதி 17 உபரிக் கம்புகள். அதனால் அளவு கூடினால் கட்டங்களும் பெருகும், அவை பொடிப்பொடியாகிவிடும். சின்ன ஸ்டிக்கரில் அது தொல்லைதான்.

இன்னொன்று, மூலைகளில் இருக்கும் மூன்று பெரிய சதுரங்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. கியூஆர் எங்கே இருக்கிறது என்று போன் கண்டுபிடிப்பதே அவற்றை வைத்துத்தான். உங்கள் ஸ்டிக்கர் உரியும் இடம் மூலை என்றால் இப்போதே மாற்றுங்கள்.

பணம் வழிமாறுமா? சேதம் எல்லை மீறினால் போன் பெரும்பாலும் படிக்காமலே நின்றுவிடும். நீங்கள் பயப்பட வேண்டியது வேறு: உங்கள் ஸ்டிக்கர் மேல் யாராவது தங்கள் ஸ்டிக்கரை ஒட்டிவிடுவது. அதைக் கணக்கு காப்பாற்றாது, அதுவும் சரியாகவே ஸ்கேன் ஆகும். தினமும் கடை திறந்ததும் உங்கள் போனில் ஒருமுறை ஸ்கேன் செய்து, திரையில் வரும் பெயர் உங்களுடையதா என்று பாருங்கள்.

சரி, புதிதுக்கு என்ன செய்வது? உங்கள் பேமெண்ட் ஆப்பிலிருந்தே கியூஆர் படத்தை இறக்கி, உள்ளங்கையைவிடப் பெரிதாக, சுற்றிலும் வெள்ளை ஓரம் விட்டு அச்சடித்து, பளபளப்பில்லாத லேமினேஷன் போடுங்கள். வாசலில் வேண்டாம், உள்ளே தராசுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள்.