மகள் பழங்குடி ஆய்வுக்குப் போகிறேன் என்கிறாள், விடலாமா?

வணக்கம் அம்மா. உயிர்வேதியியல் முடிக்கப்போகும் மகள், பழங்குடி மக்களின் உடல்நலம் பற்றி ஆய்வு செய்யப் போவதாகச் சொல்கிறாள், அது சோறு போடுமா, காட்டுக்குள் தனியாக அலைய விடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். பெற்றவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள்தான்.

முதலில் அந்த வேலை என்ன என்று பார்ப்போம். அரிவாள் செல் ரத்தசோகை இந்தியாவில் இருப்பது 1952-ல் முதலில் தெரியவந்தது நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து கடும் வலி தரும், பரம்பரையாக வரும் நோய் இது. தாய், தகப்பன் இருவரிடமும் அந்த மரபணு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. 2047-க்குள் இதை ஒழிக்க வேண்டும் என்று மத்திய அரசு 2023-ல் ஒரு தேசிய இயக்கமே தொடங்கியது. ரத்தம் எடுத்துச் சோதிப்பது எளிது. ‘உனக்கு அந்த மரபணு இருக்கிறது’ என்று ஒரு பெண்ணிடம் சொன்ன பிறகு அவள் கல்யாணப் பேச்சு என்ன ஆகும்? முடிவை வேறு யாருக்குச் சொல்லலாம்? வலி வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வழி உண்டா? ஆய்வகத்தில் இதற்கெல்லாம் விடை கிடைக்காது. உயிர்வேதியியல் தெரிந்து, மக்களிடம் உட்கார்ந்து பேசவும் தெரிந்த ஆள் அங்கே தேவை. உங்கள் மகளுக்கு நல்ல வாசல் இது.

படிப்பைப் பொறுத்தவரை, மனிதச் சமூகங்களைப் பற்றிப் படிக்கும் மானிடவியலை விடப் பொதுச் சுகாதாரத்தைத்தான் அவளுக்கு முதலில் சொல்வேன். மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் அதற்கு முதுகலை இருக்கிறது. மானிடவியல்தான் வேண்டும் என்றால் சென்னைப் பல்கலைக்கழகமும் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. நில உரிமை பக்கம் மனம் போனால் சட்டம் படித்து, 2006 வன உரிமைச் சட்டத்தில் இறங்கலாம்.

சம்பள விஷயத்தை மறைக்காமல் சொல்கிறேன். ஆரம்ப ஆண்டுகளில் கிடைப்பவை பெரும்பாலும் ஒப்பந்த வேலைகள். நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய், மேற்கொண்டு வீட்டு வாடகைப் படி. பழங்குடி மக்களின் உடல்நல ஆய்வுக்கென்றே ஜபல்பூரில் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நிறுவனம் ஒன்று இருக்கிறது. ஊட்டி அருகே முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையம் உண்டு. பெரிய பணம் வேண்டும் என்றால் இந்தத் துறை வேண்டாம்.

பாதுகாப்புக்கு வருவோம். முறையான ஆய்வில் யாரும் பையைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போய்விட முடியாது. ஆய்வால் மக்களுக்குத் தீங்கு வராமல் பார்க்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், அந்த ஊர் மக்களின் சம்மதமும் வேண்டும். பெரும்பாலும் உள்ளூர்ப் பணியாளர் ஒருவர் கூடவே வருவார்.

உங்களை விட மகள் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 1987-ல் அகத்தியமலைக் காட்டில் ஓர் ஆய்வுக் குழு களைத்துப் போக, வழிகாட்ட வந்த காணிப் பழங்குடி மக்கள் மட்டும் ஒரு காயைத் தின்றுவிட்டுச் சளைக்காமல் நடந்தார்கள். அந்தக் காய் காய்க்கும் செடியின் பெயர் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்துதான் ‘ஜீவனி’ மருந்து வந்தது. மருந்து தயாரிக்கும் உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாகி, 1997-ல் அறக்கட்டளையும் அமைந்தது. உலகம் முழுக்கப் பாராட்டினார்கள். ஆனால் எங்களிடம் முன்கூட்டியே கேட்கவில்லை என்று காணிகளிலேயே பலர் குறைப்பட்டார்கள். செடியைப் பறித்து விற்க வனத்துறை தடை போட்டதால் வருமானமும் பெரிதாக வளரவில்லை. அறிவு அவர்களுடையது, கட்டுரையில் பெயர் நம்முடையது என்ற நிலையை ஏற்காத மனம் இருந்தால்தான் இந்த வேலைக்கு வர வேண்டும். மகளிடம் இதைப் பேசிப் பாருங்கள்.

விண்ணப்பிப்பதற்கு முன் ஒன்று செய்யச் சொல்லுங்கள். நீலகிரி மாவட்டக் கூடலூரில் அஸ்வினி அமைப்பு நடத்தும் ஆதிவாசி மருத்துவமனையில் அந்தச் சமூகப் பெண்களே செவிலியர்களாக இருக்கிறார்கள். விடுமுறையில் சில வாரம் வந்து கற்றுக்கொள்ளலாமா என்று மகளே எழுதிக் கேட்கட்டும். அவர்கள் சரி என்றால் நீங்களும் ஒரு நாள் கூடப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அப்புறம் இரண்டு பேரும் என்னிடம் வந்தால், எந்த நுழைவுத்தேர்வு எழுதுவது என்று உட்கார்ந்து பேசலாம்.