தானம் கொடுத்த ரத்தம் கெடாமல் இருப்பது எப்படி?
"வெளியே வந்ததும் உறைந்துவிடும் ரத்தம், பையில் மட்டும் எப்படி ஒரு மாதம் இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அடுத்த முறை கொடுக்கும்போது, ஊசி ஏற்றுவதற்கு முன் பையைப் பாருங்கள். அடியில் கொஞ்சம் தெளிந்த திரவம் கிடக்கும். அதிலுள்ள சிட்ரேட், ரத்தம் உறையத் தேவையான கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கூடவே குளுக்கோஸ், அடினின். சிவப்பணுக்களுக்குக் கட்டுச்சோறு மாதிரி. 2 முதல் 6 டிகிரி செல்சியஸில் வைத்தால் 35 நாள் தாங்கும். அப்படியே ஃப்ரீசரில் வைத்தால் அணுக்கள் உடைந்துவிடும்.

ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவைப் பிரித்து ஃப்ரீசரில் உறையவைத்தால் ஓராண்டு வரும்.

பிளேட்லெட் எனப்படும் தட்டணுக்கள்தான் செல்லப்பிள்ளை. குளிர் ஆகாது, 22 டிகிரியில், தொட்டில் ஆட்டுவதுபோல ஒரு கருவி ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படியும் ஆயுள் 5 நாள்தான். டெங்கு சீசனில் தட்டணுவுக்கு ஆளாளுக்கு அலைவதற்கு இதுவும் ஒரு காரணம்.