எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே இசை வகுப்பு: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எங்கள் சனசமூக நிலையத்தில் சனிக்கிழமை பின்னேரங்களில் இலவச இசை வகுப்பு நடத்தப்போகிறோம். 10 முதல் 17 வயது வரை இருபது பிள்ளைகள் பெயர் தந்திருக்கிறார்கள். ஒருவர் விழிப்புலனற்றவர், ஒருவர் காதுக்குக் கருவி போடுபவர், ஒருவர் சக்கர நாற்காலியில் வருபவர். ஏற்கெனவே சங்கீதம் படிக்கிற நாலைந்து பேரும் உண்டு. கையில் ஒரு ஆர்மோனியமும் ஒரு மிருதங்கமும்தான். எப்படித் தொடங்குவது?
(வாசகி, மானிப்பாய்)

பதில்: சரளி வரிசையில், அதாவது சங்கீதத்தின் முதல் சுரப் பயிற்சியில், தொடங்காதீர்கள். படித்த நாலைந்து பேர் மூன்றாம் காலத்தில், அதாவது நாலு மடங்கு வேகத்தில், பாட, மற்றவர்கள் இரண்டாம் கிழமை வாயசைப்பார்கள், மூன்றாம் கிழமை வரவே மாட்டார்கள். முதல் இரண்டு மாதமும் தாளம் போதும். ஆர்மோனியம் பெட்டிக்குள் இருக்கட்டும்.

பழைய 20 லீற்றர் பெயின்ற் வாளி ஆறு தேடுங்கள். கவிழ்த்து வைக்கும்போது ஒரு பக்கத்தை மரத்துண்டில் ஏற்றிவிட வேண்டும். வாய் நிலத்தோடு ஒட்டினால் சத்தம் உள்ளேயே அடங்கிப்போகும். பால்மா ரின்னுக்குள் ஒரு மேசைக்கரண்டி பயறு போட்டு மூடினால் கிலுக்கி தயார்; கூடப் போட்டால் சத்தம் அமுங்கும். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையில் வாளிக்காரருக்கு அடி விழும் 1, 5, 7 மட்டும். கிலுக்கிக்காரருக்கு எட்டு எண்ணிக்கையிலும். படித்த பிள்ளைகள் 'தகதிமி தகஜணு' என்ற சொற்கட்டை எண்ணிக்கைக்கு நாலு எழுத்தாகச் சொல்லட்டும். மூன்றும் சேர்ந்தால்தான் தாளம் நிறையும், ஆகவே சும்மா இருத்தி வைக்கப்பட்ட பிள்ளை என்று ஒருவரும் இருக்க மாட்டார்.

வேகம் ஓடப்போவது நிச்சயம். பலமாக அடிக்க அடிக்கப் பிள்ளைகள் தங்களை அறியாமலே விரைவார்கள். நிமிடத்துக்கு 60 எண்ணிக்கையில் தொடங்கி, ஓடினால் நிறுத்திக் கத்தாமல், எல்லோரையும் மெதுவாகத் தட்டச் சொல்லுங்கள். சத்தம் குறைந்தால் மற்றவரின் அடி காதில் விழும், வேகம் தானாக இறங்கும்.

காதுக்குக் கருவி போடும் பிள்ளையைக் கிலுக்கிகளுக்குப் பக்கத்தில் இருத்த வேண்டாம். அந்தக் கூர்மையான சத்தம் கருவி வழியே இன்னும் உறைக்கும். சீமெந்துத் தரை அதிர்வைக் கடத்தாது. பலகை வாங்கில் இருத்தி, அதே வாங்கில் ஒரு வாளியையும் வைத்தால் அடி உடம்பில் தெரியும். நடத்துபவரின் முகமும் கையும் அவருக்குத் தெரிய வேண்டும். கைச்சைகை மட்டும் காட்டினால் விழிப்புலனற்ற பிள்ளை தவறவிடுவார். முடிக்கும்போது கையை உயர்த்தியபடியே 'ததிங்கிணதொம்' என்று மூன்று தரம் உரத்துச் சொல்லுங்கள், இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கும்.

எல்லோரும் பாயில் இருக்க ஒருவர் மட்டும் சக்கர நாற்காலியில் உயர்ந்து இருப்பது சரியில்லை. எல்லோருக்கும் கதிரை போடுங்கள். வாசற்படி 15 சென்ரிமீற்றர் என்றால் சாய்தளம் குறைந்தது 180 சென்ரிமீற்றர் நீளம் வேண்டும். அவசரத்துக்கு வைக்கும் குட்டைப் பலகையில் நாற்காலி பின்னுக்குச் சரியும்.

இன்னொன்று, ஊரில் சொல்லத் தயங்குகிற விஷயம். யார் பிள்ளை கொட்டுவது, யார் பிள்ளை பாடுவது என்பது எங்கள் பக்கத்தில் சாதிக் கதையாகவும் மாறும். இரண்டு கிழமைக்கொருமுறை வாத்தியத்தை மாற்றியே ஆக வேண்டும், விதிவிலக்கு வேண்டாம். பாட்டிலும் அப்படித்தான். தேவாரம் மட்டும் என்றால் வேதக்காரப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒதுங்குவார்கள். அருவி வெட்டுப் பாட்டு, ஊஞ்சல் பாட்டு, கூத்து மெட்டு என்று எடுங்கள். ஐந்து சுரத்துக்குள் அடங்கினால் நல்லது. குரல் உடைகிற 13, 14 வயதுப் பெடியளை 5 கட்டை போன்ற உயர்ந்த சுருதியில் பாட வற்புறுத்த வேண்டாம், அந்த மாதங்களில் சொற்கட்டு அவர்களுடையது.

16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வகுப்பின் முதல் பத்து நிமிடத்தை நடத்தக் கொடுங்கள், இருவர் இருவராக. பரீட்சை வந்தால் ஒருவராவது மிஞ்சுவார். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்குப் போக விரும்புகிறவர்களுக்கு வேறொரு நாள் வையுங்கள், இந்த வகுப்பில் கலக்க வேண்டாம்.

மிருதங்கத்தை மூன்றாம் மாதம் எடுங்கள். மழைக்காலத்தில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். அதற்காக வெயிலிலோ நெருப்பிலோ காட்டினால் கரணை (வலந்தலையின் நடுவிலுள்ள கறுப்பு வட்டம்) வெடிக்கும். துணி உறை போட்டு, நிலத்தில் படாமல் மேசையில் வைத்தால் போதும்.