“இனி கை வருமா டாக்டர்?” பக்கவாதம் பற்றி நீலகிரியிலிருந்து சில கேள்விகள்

பக்கவாதம் வந்தவர்களின் வீடுகளிலிருந்து வந்த கேள்விகள் இவை. எழுதியவர்களில் பெரும்பாலோர் நோயாளிகள் அல்ல. மகள்கள், மருமகள்கள், கணவன்மார். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். மாத்திரையின் அளவைக் கூட்டலாமா, குறைக்கலாமா என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் சொல்வது முறையாகாது. அதை நேரில் பார்க்கும் மருத்துவரிடமே கேளுங்கள்.

அம்மாவுக்கு 54 வயது. எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். நான்கு மாதத்துக்கு முன்பு மூளையின் இடது பக்கத்தில் ரத்த அடைப்பு வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. இப்போது நடக்கிறார். விரல்கள் லேசாக அசைகின்றன. செத்துப்போன மூளை எப்படித் திரும்ப வேலை செய்யும்? நிஜமாகவே கை வருமா? (மகள், கோத்தகிரி அருகே)

செத்த நரம்பு செல்கள் திரும்ப வருவதில்லை. ஆனால் அம்மாவின் விரல் அசைகிறதே, அது எப்படி?

ரத்தம் அடியோடு நின்றுபோன நடுப்பகுதியில் செல்கள் நிமிடக் கணக்கில் சாகின்றன. அதைச் சுற்றி, அரைகுறை ரத்தத்தில் மயங்கிக் கிடக்கும் பகுதி ஒன்று உண்டு. ரத்த ஓட்டம் திரும்பினால் அது பிழைத்துக்கொள்ளும். அடிபட்ட இடத்தின் வீக்கம் நாள் போகப் போக வடியும். அடியே படாத தூரத்துப் பகுதிகள்கூட, தங்களுக்குச் சேதி அனுப்பிக்கொண்டிருந்த இடம் அடங்கிப்போனதால் கொஞ்ச காலம் ஓய்ந்திருக்கும். அவையும் மெல்ல எழும். முதல் சில வாரங்களில் தானாக வந்ததுபோல் தெரிகிற முன்னேற்றத்தில் பெரும்பங்கு இதுதான்.

அதற்கு அப்புறம் வருவது வேறு வகை. பர்லியாறு பக்கம் மண் சரிந்து சாலை அடைபட்டால் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுகிறார்கள் இல்லையா, மூளையும் அப்படி மாற்று வழி தேடுகிறது. சேதத்தை ஒட்டியுள்ள நரம்பிழைகள் புதுக் கிளை விடுகின்றன. இதுவரை ஒடுங்கிக் கிடந்த இணைப்புகள் வலுக்கின்றன. ஆனால் அந்த வழியில் போக்குவரத்து இருந்தால்தான் அது நிலைக்கும்.

இதைக் குரங்குகளில் தெளிவாகக் காட்டியவர் அமெரிக்க ஆய்வாளர் ராண்டால்ஃப் நூடோ. 1996-ல் வெளியான அவருடைய ஆய்வில், மூளையில் கைக்கான இடத்தில் சிறு சேதம் ஏற்படுத்தப்பட்டது. சின்னக் குழியிலிருந்து தீனியை விரலால் எடுக்கும் பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்த குரங்குகளுக்குக் கைக்கான மீதி இடம் காப்பாற்றப்பட்டது. சிலவற்றில் அது முழங்கை, தோள் ஆகியவற்றுக்கான இடத்துக்கும் பரவியது. பயிற்சி இல்லாத குரங்குகளிலோ, சேதத்திலிருந்து தப்பிய பகுதியிலும் கைக்கான இடம் சுருங்கிப்போயிருந்தது. சும்மா இருந்தால் இருந்ததும் போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

எத்தனை முறை செய்ய வேண்டும்? அந்த மாதிரி விலங்கு ஆய்வுகளில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை. மனிதர்களுக்கான சிகிச்சை அமர்வுகளைப் பார்த்து எண்ணிய 2009-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், பயனுள்ள கை அசைவுகள் சராசரியாக 32 முறைதான் நடந்தன. மீதியை வீட்டில்தான் செய்தாக வேண்டும்.

அம்மாவிடம் ஒரு முறம் பச்சைப் பட்டாணியைக் கொடுங்கள். கொழுந்து கிள்ளுவதும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து செய்கிற வேலைதான், பட்டாணி உரிப்பதும் அதேதான். இடது கை காயைப் பிடித்துக்கொள்ளட்டும். வலது கட்டைவிரல் காயின் முதுகில் ஊன்றி அழுத்தட்டும். முதல் நாள் காய் வழுக்கிக்கொண்டே போகும், மணிகள் அடுப்படி முழுக்க உருளும். முனையை மட்டும் நீங்கள் கீறிக் கொடுங்கள், பிளப்பது அவர் வேலை. “நீ உட்காரும்மா, நான் பார்த்துக்கிறேன்” என்று முறத்தை மட்டும் வாங்கிவிடாதீர்கள். பாசத்தில் செய்கிற இந்த ஒரு காரியம் எத்தனையோ கைகளை முடக்கிப் போட்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பட்டாணி கைவந்ததும் அவரே பீன்ஸ் நறுக்கட்டும், துணி மடிக்கட்டும், ஜாக்கெட் கொக்கி மாட்டட்டும். தினமும் கொஞ்சம் கஷ்டம் கூட வேண்டும். சுலபமாக வருவதையே செய்துகொண்டிருந்தால் மூளைக்குப் புதிதாகக் கற்க ஒன்றும் இல்லை.

கை வருமா? விரல்கள் தானாக விரிய ஆரம்பித்திருந்தால் அது நல்ல அடையாளம். டம்ளர் பிடிப்பது, சாதம் பிசைவது, தலை வாருவது போன்றவற்றை இலக்காக வைத்து உழையுங்கள். பழைய வேகத்தில் கூடை நிரப்புவார் என்று இப்போதே யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள். முடியவே முடியாது என்று சொன்னாலும் நம்பாதீர்கள்.

“ஆறு மாதத்துக்குள் வந்தால் வந்ததுதான்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்பாவுக்கு ஏழு மாதம் ஆகிறது. அவ்வளவுதானா? (மகன், கூடலூர்)

இல்லை. முதல் மூன்று மாதம்தான் மூளை மிக வேகமாகத் தன்னைச் சீர்செய்துகொள்ளும் காலம். அந்த வாய்ப்பைத் தவறவிடக் கூடாது என்பது உண்மை. ஆனால் ஆறாம் மாதத்தில் கதவு சாத்தப்படுவதில்லை, வேகம்தான் குறைகிறது. 2006-ல் வெளியான ‘எக்சைட்’ என்ற ஆய்வில் சேர்ந்தவர்கள் எல்லாரும் பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆனவர்கள். நல்ல கைக்கு உறை மாட்டி, விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி விழுந்த கையையே பயன்படுத்த வைத்தார்கள். அதோடு இரண்டு வாரம் கடும் பயிற்சி. கை நன்றாகத் தேறியது, ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பலன் நின்றது.

ஒரு எச்சரிக்கை. இது மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சமாவது நிமிர்த்த முடிகிறவர்களுக்கு மட்டும். உங்கள் ஊர் மேடு பள்ளத்தில் நல்ல கையைக் கட்டிப்போட்டு நடக்க விடாதீர்கள். தடுமாறினால் பிடித்துக்கொள்ள அந்தக் கைதான் இருக்கிறது. பயிற்சியை உட்கார்ந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் அசைவே இல்லையென்றால் கண்ணாடிப் பயிற்சி செய்து பார்க்கலாம். முகம் பார்க்கும் கண்ணாடியை நெஞ்சுக்கு நேராக, இரண்டு கைகளுக்கும் நடுவில் நிறுத்தி, விழுந்த கையை அதன் பின்னால் மறைத்து, நல்ல கையை அசைத்தபடி கண்ணாடியைப் பார்க்க வேண்டும். மறைந்திருக்கும் கையே அசைவதுபோல் மூளை காணும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன், கையிழந்தவர்களின் வலிக்காகக் கண்டுபிடித்த முறை இது. 1999-ல் அவரும் சக ஆய்வாளர்களும் பக்கவாதத்துக்கும் இதைச் சோதித்தார்கள். மற்றப் பயிற்சிகளோடு சேர்த்துச் செய்யும்போது பலன் இருக்கிறது.

அப்பா வீட்டில் படுக மொழி, வெளியே தமிழ், ஆபீசில் இங்கிலீஷ் என்று இருந்தவர். இப்போது எதைக் கேட்டாலும் “சரி, சரி” என்கிறார். வேறு சொல் வரவில்லை. ஆனால் பஜனைப் பாட்டைக் கூடவே முழுசாகப் பாடுகிறார்! எந்த மொழியில் பேசிப் பழக்குவது? (மகள், குன்னூர்)

பாட்டைக் கேட்டு நீங்கள் திகைத்ததில் வியப்பில்லை. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு மூளையின் இடது பக்கத்தில்தான் உருவாகிறது. மெட்டையும் தாளத்தையும் கையாள்வதில் வலது பக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதோடு, பல வருடம் பாடி மனப்பாடமான பாட்டில் சொல்லைத் தேட வேண்டியதில்லை, ஒன்றை இழுத்தால் அடுத்தது தானாக வருகிறது. நாள், கிழமை, எண் வரிசை இவையும் அப்படி வரக்கூடும்.

இதைச் சிகிச்சையாகவும் பயன்படுத்துகிறார்கள். “தண்ணி வேணும்” என்பதை ஏற்ற இறக்கத்தோடு மெட்டுப் போல இழுத்துச் சொல்லிக்கொண்டு, அவருடைய இடது கையால் மேஜையில் தட்ட வையுங்கள். முதலில் சேர்ந்து சொல்லுங்கள், பிறகு பாதியில் நீங்கள் நிறுத்தி, மீதியை அவருக்கு விடுங்கள். நாள்பட மெட்டைக் குறைத்துச் சாதாரணப் பேச்சுக்குக் கொண்டுவரலாம். அவருக்குத் தினமும் தேவைப்படுகிற ஐந்தாறு சொற்களை எடுத்துக்கொண்டால் போதும்.

மொழி விஷயத்தில் உங்கள் வீட்டு வழக்கமே சரி. அடுப்படியில் படுக மொழி பேசினால் அதுவே இருக்கட்டும். பல மொழி பேசியவர்களுக்கு அவை பெரும்பாலும் ஒன்றாகவே திரும்புகின்றன. சிலருக்கு ஒன்று முந்திக்கொள்ளும். எது முதலில் எட்டிப் பார்த்தாலும் வரவேற்றுக்கொள்ளுங்கள். “தமிழ்ல சொல்லுங்க” என்று திருத்த வேண்டாம்.

அவர் “சரி” என்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள். வேண்டாம் என்பதற்கும் அதே சொல்தான் வரும். டீயையும் தண்ணீரையும் முன்னால் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்டுவிட்டுப் பத்து எண்ணும் நேரம் காத்திருங்கள். டிவியை அணைத்துவிடுங்கள். அப்புறம், அவர் முன்னாலேயே அவரைப் பற்றி மற்றவர்களிடம் பேசாதீர்கள். பேச்சுப் போனவருக்குப் புத்தியும் போய்விட்டது என்று உறவினர்கள் நினைத்துக்கொள்வது எனக்குத் தாங்காத விஷயம். சொல்வதில் நிறைய அவருக்குப் புரியலாம்.

மாமியாருக்கு இடது பக்கம் விழுந்திருக்கிறது. தட்டில் வலது பாதிச் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு, இடது பாதியை அப்படியே வைத்துவிட்டு “இன்னும் போடவில்லையே” என்கிறார். கண் டாக்டர் பார்வை சரி என்கிறார். (மருமகள், மஞ்சூர்)

கண் பார்க்கிறது, மூளை இடது பக்கத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. வலது பக்க மூளையில் அடிபட்டவர்களிடம் இது அதிகம். பிடிவாதம் என்று கோபிக்காதீர்கள். தட்டின் இடது விளிம்பில் சிவப்பு நாடா ஒட்டி, “சிவப்பு தெரிகிற வரைக்கும் பாருங்க” என்று பழக்குங்கள். அவருடைய இடது பக்கமாக உட்கார்ந்து பேசுங்கள். பலருக்கு முதல் மூன்று மாதத்தில் நன்றாகக் குறையும். அதுவரை அவரைத் தனியாக அடுப்புப் பக்கமோ சாலைப் பக்கமோ விட வேண்டாம்.

மறுநாளே எழுப்பி நடக்க வைத்தால் சீக்கிரம் குணமாகுமா? (கொடநாடு)

முதல் 24 மணி நேரத்துக்குள் அடிக்கடி எழுப்பி நடமாட வைத்தால் நல்லதா என்று 2,104 பேரிடம் பார்த்த ‘அவெர்ட்’ ஆய்வு 2015-ல் வந்தது. அப்படிச் செய்யப்பட்டவர்கள், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிடக் குறைவாகவே தேறினார்கள். முதல் நாள் அவசரம் வேண்டாம். மருத்துவர் சொன்ன பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக.

டிசம்பர் வந்தால் கணவரின் கை கல்லாக இறுகிவிடுகிறது. குளிர் மூளையைப் பாதிக்கிறதா? கோயமுத்தூருக்கே போய்விடலாமா? (ஊட்டி)

குளிரில் தசை இறுக்கம் கூடுவது பலருக்கும் உண்டு. அதனால் மூளை மறுபடி கெடுவதில்லை. ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர், அங்கேயே வாழ்ந்து பழகியவருக்கு அதனால் குணமாவது நிற்காது. வீடு மாறுவதற்கு முன்னால் காலைப் பயிற்சியை வெயில் ஏறிய பிறகு வைத்துப் பாருங்கள். கம்பளிக் கையுறை போடுங்கள். விரல்களைப் பிடித்து வெடுக்கென்று இழுக்காமல், மெதுவாக விரித்து அரை நிமிடமாவது நிறுத்திப் பிடியுங்கள். இறுக்கம் திடீரென்று கூடினால் குளிர் மேல் பழி போடாமல் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப் புண் இருக்கிறதா என்று பாருங்கள். இவையும் தசையை இறுக்கும்.

வெந்நீர்ப் பையில் கவனம். உணர்ச்சி குறைந்த கையில் தோல் வெந்தாலும் அவருக்குத் தெரியாது. முதலில் உங்கள் கையில் வைத்துச் சூடு பார்த்து, துணி சுற்றிக் கொடுங்கள். கதவு, ஜன்னலைச் சாத்திவிட்டு அறைக்குள் கரி மூட்டிக் குளிர் காய்வது வேண்டவே வேண்டாம். அந்த விஷவாயு ஆளையே கொல்லும். குளிர்காலத்தில் ரத்த அழுத்தமும் ஏறும். வீட்டில் அடிக்கடி அளந்து பாருங்கள், பிரஷர் மாத்திரையை ஒரு நாளும் விடாதீர்கள்.

புறா ரத்தம் தடவினால் கை வரும் என்கிறார்கள். மூளை வளர ஊசி இருப்பதாகவும் ஒருவர் சொன்னார். (பந்தலூர்)

புறாவை விட்டுவிடுங்கள், அதில் ஒன்றும் இல்லை. மூளை வளர என்று அவர் சொன்னது ஸ்டெம்செல் (குருத்தணு) ஊசியாக இருக்கும், அது இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது. அதற்காக நிலத்தை அடகு வைக்காதீர்கள். ஃபுளுவாக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரை கையைத் தேற்றும் என்று 2011-ல் ஒரு சிறிய ஆய்வு நம்பிக்கை கொடுத்தது. அதற்குப் பின் 3,000-க்கும் மேற்பட்டவர்களிடம் பார்த்தபோது அந்தப் பலன் இல்லை, எலும்பு முறிவுதான் கூடியது. எண்ணெய் தேய்ப்பது சுகமாக இருந்தால் தேயுங்கள். ஆனால் தோளைப் பிடித்து இழுக்கக் கூடாது. விழுந்த கையின் தோள் மூட்டு எளிதில் நழுவும். சட்டை போடும்போதும் விழுந்த கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது கடைசியாக எடுங்கள்.

மனைவி எதற்கெடுத்தாலும் அழுகிறார், பயிற்சி வேண்டாம் என்கிறார். பிசியோதெரபிக்கு டவுனுக்குப் போய்வரவே ஒரு நாள் ஆகிறது. (லயன் வீட்டிலிருந்து ஒரு கணவர், குந்தா)

பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. வருத்தமே இல்லாமல் சட்டென்று அழுகையோ சிரிப்போ பொங்குவது வேறு. அது உணர்ச்சியைக் கட்டுப்படுத்தும் இணைப்புகள் அறுந்ததால் வருவது. இரண்டுக்கும் மருந்து உண்டு. அவருக்கு எது என்று மருத்துவர்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். சோம்பேறி என்று மட்டும் சொல்லாதீர்கள். களைப்பும் இந்த நோயின் பகுதிதான். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் என்று உடைத்துச் செய்யச் சொல்லுங்கள். ராத்திரி நல்ல தூக்கம் வேண்டும், பகலில் பழகியதை மூளை அப்போதுதான் பதிய வைக்கிறது.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்யவும் இடமுண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அல்லது ஊர்ச் செவிலியரிடம் பெயரைப் பதியுங்கள். வருகிறவர் செய்துவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்காமல், அதை உங்களுக்கும் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மலையில் இருப்பவர்கள் மருத்துவமனைக்குப் போகவே நேரமாகிவிடுமே, என்ன செய்வது? (கோத்தகிரி)

வாய் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே 108. அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெரிய ரத்தக் குழாயில் அடைப்பு என்றால் கம்பி விட்டு எடுப்பதற்குச் சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட வாய்ப்பு உண்டு. ஆனால் பெரிய அடைப்பில் நிமிடத்துக்கு சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் சாகின்றன. அதனால் சிடி ஸ்கேன் இல்லாத இடத்தில் நின்று நேரம் போக்காதீர்கள். அடைப்பா, ரத்தக் கசிவா என்பது ஸ்கேனில்தான் தெரியும், அது தெரியாமல் ஆஸ்பிரின் கொடுப்பதும் ஆபத்து. விழுங்க முடியாதவர் வாயில் தண்ணீரோ காபியோ ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் போயே ஆக வேண்டும், பெரிய தாக்குதலுக்கு அது முன்னறிவிப்பாக இருக்கலாம். கடைசியாக அவர் நன்றாக இருந்ததை யார், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்பதை ஒரு சீட்டில் எழுதி, சாப்பிடும் மாத்திரைகளையும் சேர்த்துக் கூடப் போகிறவர் கையில் கொடுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அந்த நேரத்தைத்தான்.