பென்ஷனில் ஏமாந்தவருக்கும் வரியா? பிரிட்டன் கேள்வி பதில்

கேள்வி: என் 40,000 பவுண்டு பென்ஷனை 48 வயதில் வேறு திட்டத்துக்கு மாற்ற வைத்தார்கள். 20,000 'கடன்' என்று கைக்கு வந்தது; மீதி எங்கே என்றே தெரியவில்லை. இப்போது எச்எம்ஆர்சி (பிரிட்டன் வரித்துறை) வரி கேட்கிறது. ஏமாந்தது நான்தானே, ஐயா?

பதில்: நீங்கள் ஏமாந்தீர்களா என்று சட்டம் பார்ப்பதில்லை. 55 வயதுக்கு முன்பே பணம் கைக்கு வந்ததா என்றுதான் பார்க்கும். (2028 ஏப்ரல் 6 முதல் அந்த வயது 57. கடும் உடல்நலக் குறைவு போன்ற விலக்குகள் தனி.) கடன் என்று பெயர் வைத்தாலும் தப்ப முடியாது. 2004 நிதிச் சட்டப்படி கைக்கு வந்த தொகைக்கு 40 சதவீத வரி. 12 மாதத்துக்குள் எடுத்தது மொத்த நிதியில் கால் பங்கைத் தொட்டால், மேலே 15 சதவீதம். உங்களுக்கு 8,000, அதோடு 3,000. ஆக 11,000 பவுண்டு. கொடுமைதான்.

ஆனால் அந்த 15 சதவீதத்தில் மட்டும் ஒரு வழி உண்டு. அதை உங்களிடம் வசூலிப்பது நியாயமில்லை என்று காட்டி, தள்ளுபடி கேட்டு எச்எம்ஆர்சிக்கு விண்ணப்பிக்கலாம். மறுத்தால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். உங்களிடம் என்ன சொல்லி நம்பவைத்தார்கள் என்பதற்கான கடிதம், மின்னஞ்சல் எதையும் தூக்கிப் போடாதீர்கள். 40 சதவீதத்துக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது.

கேள்வி: வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டிவிட்டால்?

பதில்: வரி போகாது. மொத்தமாகக் கட்ட முடியாவிட்டால் தவணை கேளுங்கள், கிடைக்கலாம். கடிதத்துக்குப் பதில் போடாமல் இருப்பதுதான் ஆபத்து, அபராதமும் சேரும்.

கேள்வி: என்னுடையது மோசடி இல்லை, தவறான ஆலோசனை. கம்பெனி பென்ஷனை விட்டு வெளியே வரச் சொன்னார் ஆலோசகர். நஷ்டஈட்டுக்கு வரி உண்டா?

பதில்: நஷ்டஈட்டைப் பென்ஷனுக்குள்ளேயே போட முடியாமல் கையில் தந்தால், பின்னாளில் நீங்கள் கட்டியிருக்க வேண்டிய வரியைக் கணக்கிட்டுக் கழித்துவிடுவார்கள். கால் பங்குக்கு வரியில்லை, மீதிக்கு 20 சதவீதம் என்று வைத்தால் கழிவு 15 சதவீதம். அதன் மேல் தரும் வட்டி மட்டும் உங்கள் வருமானம். அதற்கு வரி உண்டு. ஆலோசனை தந்த நிறுவனம் மூடிக் கிடந்தால், மூடிப்போன நிதி நிறுவனங்களுக்குப் பதிலாக நஷ்டஈடு தரும் எஃப்எஸ்சிஎஸ்ஸிடம் போங்கள். அங்கே உச்சவரம்பு 85,000 பவுண்டு.

கேள்வி: வரியை மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள் என்று ஒருவர் போனில் சொல்கிறார், அண்ணா.

பதில்: போனை வையுங்கள். ஏமாந்தவர் பட்டியலை வைத்துக்கொண்டு வருகிற அடுத்த கூட்டம் இது. கேட்காமலே பென்ஷன் பற்றிப் போன் செய்து வியாபாரம் பேசுவது பிரிட்டனில் 2019 ஜனவரி முதலே தடை. எஃப்எஸ்சிஎஸ்ஸிலும், நிதி நிறுவனங்கள் மீதான புகாரை விசாரிக்கும் நிதி ஆம்புட்ஸ்மனிடமும் நீங்களே இலவசமாகப் புகார் கொடுக்கலாம்.