மண்ணை மூடும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள்

கேள்வி: கோவில்பட்டிப் பக்கம் வீடு கட்டுகிறோம். கணவர் வெளிநாட்டில் இருப்பதால் வேலையை நான்தான் பார்க்கிறேன். பின்பக்கக் குளியலறையிலிருந்து முன்வாசல் செப்டிக் டேங்க் வரை 45 அடி தூரம். "மூணு இஞ்சு வாட்டம் போதும்" என்கிறார் கொத்தனார். "எவ்வளவு இறக்கமோ அவ்வளவு நல்லது" என்கிறார் பிளம்பர். யார் பேச்சைக் கேட்பது? (ஒரு வாசகி)

பதில்: ரெண்டு பேர் பேச்சும் வேண்டாம் அம்மா, டியூப் லெவலை (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயை) கேளுங்கள். 4 அங்குலக் கழிவுக் குழாய்க்குப் பத்தடிக்கு 2 முதல் 3 அங்குலம் வாட்டம் வேண்டும். உங்கள் 45 அடிக்குக் குறைந்தது 9 அங்குலம், தாராளமாக 13 வரை போகலாம். கொத்தனார் சொல்லும் மூணு அங்குலத்தில் கழிவு பாதி வழியிலேயே உட்கார்ந்துவிடும். பிளம்பர் பேச்சைக் கேட்டால் டேங்க்கைத்தான் ஆழமாகத் தோண்ட வேண்டிவரும், செலவு உங்களுக்கு. அதனால் டேங்க்குக்குள் குழாய் நுழையும் மட்டத்தை முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து குளியலறையை நோக்கி ஏற்றிக்கொண்டே வரச் சொல்லுங்கள்.

உங்கள் ஊர் கரிசல் என்பதுதான் எனக்குக் கவலை. மழையில் உப்பும், கோடையில் பிளக்கும். அந்த மண்ணைக் குழாயில் ஒட்டவிடாதீர்கள். அடியில் 4 அங்குலத்துக்கு மணல் அல்லது எம் சாண்ட் பரப்பி, பக்கவாட்டிலும் மேலும் அதையே போட்டு மிதியுங்கள். உடைந்த செங்கல்லை முட்டுக் கொடுத்துக் குழாயை நிறுத்துவார்கள், விடாதீர்கள். பிற்பாடு சரியாக அந்த இடத்தில்தான் விரிசல் விடும். பசை போட்டு ஒட்டுவதைவிட ரப்பர் ரிங் இணைப்பு கரிசலுக்கு நல்லது, மண் அசைந்தால் கொஞ்சம் கொடுக்கும். கடைக்கால் சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் குழாயைக் கான்கிரீட் இறுகப் பிடிக்கக் கூடாது, சுற்றிலும் இடைவெளி விடுங்கள்.

சுவரில் மாட்டும் சாம்பல் நிறக் குழாயையே மண்ணுக்குள்ளும் போட்டுவிடுவது இங்கே வழக்கம். மண்ணுக்கென்றே செங்கல் நிறத்தில் தனிக் குழாய் கிடைக்கிறது, ஐ.எஸ். 15328 என்று அச்சிட்டிருக்கும். அதில் எஸ்.என். 4 (எஸ்.என். என்பது குழாய் நசுங்காமல் தாங்கும் தரம்) வாங்குங்கள். கார் ஏறும் இடமென்றால் எஸ்.என். 8. குழாயின் அகன்ற வாய் தண்ணீர் வரும் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பத்தில் ஒரேயடியாக 90 டிகிரி பெண்ட் போடாமல் ரெண்டு 45 போடச் சொல்லுங்கள். கிளை சேரும் இடத்தில் நேர்க்குறுக்காகச் சேரும் 'டீ' வேண்டாம், சாய்வாகச் சேரும் 'ஒய்' போடச் சொல்லுங்கள். குழாய் திரும்பும் இடம், சேரும் இடம் எல்லாவற்றிலும் ஒரு சேம்பர் (மூடியைத் திறந்து பார்க்கும் சின்னத் தொட்டி). மொட்டைமாடி மழைத் தண்ணீரைத் தப்பித் தவறியும் இதில் விடாதீர்கள், டேங்க் தாங்காது.

அப்புறம், மண்ணை மூடுவதற்கு முன்னால் ஒரு வேலை. சாயங்காலம் ஒரு சேம்பரில் டார்ச் அடிக்கச் சொல்லி, அடுத்த சேம்பரில் கண்ணாடி வைத்து நீங்களே பாருங்கள். முழு வட்டமாக வெளிச்சம் தெரிந்தால் சரி. பிறை மாதிரி தெரிந்தால் குழாய் நடுவில் தொய்ந்திருக்கிறது, எடுத்துப் போடச் சொல்லுங்கள். அடுத்து, கீழ் முனையை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, மேல் சேம்பரில் பென்சிலால் கோடு போட்டு அரை மணி நேரம் விடுங்கள். கோடு இறங்கினால் இணைப்பு கசிகிறது. "நேரமாகுதும்மா" என்பார்கள். ஆகட்டும். கடைசிக் கூலியை அதுவரை கையில் வைத்திருங்கள்.

கேள்வி: பத்து நாள் ஊருக்குப் போய்த் திரும்பினால் குளியலறையில் சாக்கடை நாற்றம். குழாய் உடைந்திருக்குமோ? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: அநேகமாக இருக்காது. தரையிலுள்ள டிராப்பில் தேங்கி நின்று நாற்றத்தை மறிக்கும் தண்ணீர் வற்றியிருக்கும். ஒரு வாளி ஊற்றிப் பாருங்கள். அடுத்த முறை கிளம்பும்போது தண்ணீர் ஊற்றி, மேலே ரெண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டுப் போனால் சீக்கிரம் வற்றாது. ஊற்றியும் நாற்றம் போகவில்லை என்றால் சேம்பர் மூடியின் விளிம்பைப் பாருங்கள்.