கேள்வி – பதில்: இளைஞர்களுக்கு வருமான வரி விலக்கு

கேள்வி: இளைஞர்களிடம் குறிப்பிட்ட வயது வரை வருமான வரியே வசூலிக்கக் கூடாது என்று சிலர் வாதிடுகிறார்கள். அப்படிச் செய்தால் அவர்களுக்கு வேலைவாய்ப்பு பெருகுமா?

பதில்: போலந்து 2019 ஆகஸ்ட் முதல், 26 வயது நிரம்பாதவர்களின் சம்பளத்துக்கு ஆண்டுக்கு 85,528 ஸ்லோட்டி வரை வரி விலக்கு அளித்து வருகிறது. படித்து முடித்தவர்கள் மேற்கு ஐரோப்பாவுக்குப் போய்விடுகிறார்கள் என்ற கவலையே அதற்கு முக்கியக் காரணம். ஹங்கேரியும் 2022 ஜனவரி முதல் 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, நாட்டின் சராசரி ஊதியத்தை உச்சவரம்பாக வைத்து, இதே சலுகையைக் கொண்டுவந்தது.

ஹங்கேரியில் வருமான வரி எல்லோருக்கும் ஒரே விகிதம், 15 சதவீதம் என்பதால் கணக்குப் பார்ப்பது எளிது. அங்கே மாதம் 4 லட்சம் ஃபோரின்ட் சம்பளம் வாங்கும் இளைஞருக்கு 60,000 ஃபோரின்ட் மிச்சமாகும். பகுதி நேர வேலையில் ஒரு லட்சம் சம்பாதிப்பவருக்கு மிச்சமாவது 15,000 மட்டுமே. வேலை தேடி அலைபவருக்கோ எதுவும் இல்லை. அதாவது, ஏற்கெனவே நல்ல வேலையில் அமர்ந்துவிட்டவருக்கே சலுகையின் பெரும்பங்கு போய்ச் சேருகிறது. தவிர, தொழிலாளியின் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படும் 18.5 சதவீத சமூகக் காப்பீட்டுச் சந்தா அப்படியே தொடர்கிறது. 4 லட்சம் வாங்குபவருக்கு அது 74,000, தள்ளுபடியான வரியைவிட அதிகம்.

வயதை மட்டும் அளவுகோலாக வைப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு: சம்பளம் ஒரு காசுகூட உயராத நிலையிலும், வயது வரம்பைத் தாண்டியதும் கைக்கு வரும் தொகை சட்டென்று குறைந்துவிடும். போர்ச்சுகல் இதைக் கொஞ்சம் யோசித்தே செய்திருக்கிறது என்பேன். 2025 முதல் அங்கே 35 வயது வரையிலானவர்களுக்கு, வருமானம் ஈட்டும் முதல் ஆண்டில் முழு விலக்கும், பின்னர் 75, 50, 25 சதவீதம் என்று படிப்படியாகக் குறையும் விலக்கும், ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, மொத்தம் பத்து ஆண்டுகளுக்குக் கிடைக்கின்றன.

கேள்வி: அப்படியானால் குறைந்த வருமானமுள்ள இளைஞருக்கு வரிச் சீர்திருத்தம் உதவவே முடியாதா?

பதில்: முடியும்; ஆனால் விலக்கு அதற்கு ஏற்ற வழியல்ல, ஏனெனில் வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிக்காதவருக்கு விலக்கு அளித்து என்ன பயன்? அமெரிக்காவில் 1975 முதல், குறைந்த சம்பளத்தில் உழைப்பவருக்கு அவர் கட்ட வேண்டிய வரியைவிடச் சலுகைத் தொகை கூடுதலாக இருந்தால், மிச்சத்தை அரசே பணமாகக் கொடுத்துவிடுகிறது. எனக்கு இந்த ஏற்பாடே மேலானதாகத் தெரிகிறது. ஆனால் அங்கும் குழந்தை இல்லாதவர்கள் இதைப் பெற 25 வயது ஆகியிருக்க வேண்டும். 2021ஆம் ஆண்டுக்கு மட்டும் பெரும்பாலானோருக்கு அந்த வரம்பை 19 ஆகக் குறைத்துவிட்டு, மறு ஆண்டே பழையபடி உயர்த்திவிட்டார்கள்.